‘எல்லா மினி லேத்துக்கும் பொருந்தும்’ என்று இனி ஒருவரும் எழுதாதீர்கள்

மினி லேத் சாமான் விற்கிறவர்களே, அளவு போடுங்கள். பாட்டோடு சுற்றிக் காட்டுகிற வீடியோ வேண்டாம், ‘ஹெவி டியூட்டி’ என்ற சிவப்பு எழுத்து வேண்டாம். விற்கிற பொருளின் அளவைப் போடுங்கள். வீட்டில் இரும்பு கடைய சின்ன லேத்தும் மில்லிங் மெஷினும் வைத்துக்கொண்டு வேலை செய்கிறவர்கள் உங்களிடம் கேட்பது அது ஒன்றைத்தான். அந்த ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் தருகிறீர்கள்.

சக் என்கிற, வேலையைக் கவ்விச் சுற்றும் பாகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். என்னிடம் இருப்பது 7 இன்ச் ரக லேத், கூடவே வந்தது 80 மில்லிமீட்டர் சக். கொஞ்சம் பெரிய வேலை பிடிக்க 100 மில்லிமீட்டர் சக் தேடினால், போகிற பக்கமெல்லாம் அதே வரி: எல்லா மினி லேத்துக்கும் பொருந்தும். பொருந்தாது ஐயா! 80 அளவு கே11 மாடல் சக்கின் பின்பக்கப் பள்ளம் 55 மில்லிமீட்டர், போல்ட் ஓட்டைகள் 66 மில்லிமீட்டர் வட்டத்தில், மூன்று எம்6. 100 அளவு என்றால் பள்ளம் 72, வட்டம் 84, மூன்று எம்8. ஒன்று இருந்த இடத்தில் இன்னொன்று நேராகப் போய் உட்காரவே உட்காராது. நடுவில் ஒரு அடாப்டர் பிளேட் வேண்டும், ஒரு பக்கம் 55 பள்ளம், மறுபக்கம் 72 மேடு. இதெல்லாம் சக் செய்த கம்பெனியின் வரைபடத்திலேயே இருக்கிற எண்கள். விற்பவர் அதைப் பார்த்து எழுத ஒரு நிமிடம் ஆகாது.

போன் போட்டுக் கேட்டால் என்ன பதில் தெரியுமா? “சார், நெறைய பேர் வாங்கறாங்க சார். இதுவரைக்கும் ஒரு கம்ப்ளெயின்ட் வந்ததில்ல.” பின்பக்கப் பள்ளம் எவ்வளவு என்று மறுபடி கேட்டால், “ஸ்டாண்டர்ட் சைஸ் சார்.” எந்த ஸ்டாண்டர்ட்? அதற்கு மேல் போன் கட்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இந்த மெஷின்கள் மலிவானவை என்பதற்காக நான் கத்தவில்லை. பெட்டியைப் பிரித்ததும் பாகம் பாகமாகக் கழற்றி, டீசலில் கழுவி, வார்ப்பு மண்ணைத் துடைத்து, பிசிறு தேய்த்து, நகரும் பாகங்களின் ஆட்டத்தை அடக்கும் கிப் ஸ்க்ரூக்களைச் சரிபார்த்து மறுபடி பூட்ட வேண்டும் என்பது தெரிந்துதான் வாங்குகிறோம். அந்த வேலையில் எனக்கு அலுப்பே கிடையாது. டூலைக் குறுக்கே நகர்த்தும் க்ராஸ் ஸ்லைடில் இருந்த ஆட்டம் போய், கைப்பிடி ஒரே சீராகச் சுற்றுகிற அந்த நேரத்துக்காகத்தான் இதில் இறங்கினேன். விலைக்கேற்ற மெஷின், அதைச் சீர்செய்வது என் பொறுப்பு. ஆனால் சீர்செய்ய வாங்குகிற பாகமும் எதற்கும் பொருந்தாமல் வந்தால் அந்தப் பொறுப்பு யாருடையது?

ஸ்பிண்டில் (சக் பூட்டிச் சுழலும் தண்டு) பேரிங் விஷயத்தில் எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. மெஷினோடு வருவது 6206 பால் பேரிங். அதை எடுத்துவிட்டு 30206 டேப்பர் ரோலர் போட்டால் ஸ்பிண்டில் இறுக்கமாக நிற்கும், வெட்டு சுத்தமாக வரும். பலரும் செய்கிற மாற்றம்தான். இரண்டுக்கும் உள்விட்டம் 30, வெளிவிட்டம் 62. ஆனால் 6206-இன் அகலம் 16 மில்லிமீட்டர், 30206-க்கு 17.25. ஒரு பேரிங்குக்கு 1.25 என்றால் முன்னும் பின்னும் சேர்த்து 2.5 மில்லிமீட்டர். அந்த 2.5-ஐ, இடம் நிரப்பும் வளையமான ஸ்பேசரில் கடைந்து குறைக்காமல் மூடி உட்காராது. ‘அப்கிரேட் கிட்’ என்று பெயர் வைத்து விற்கிறவர் இதைப் பற்றி ஒரு சொல் எழுதவில்லை. கேட்டதற்கு “அப்படியே தட்டி ஏத்துங்க சார், போயிடும்” என்கிறார். தட்டி ஏற்றுவதாம்! ஸ்பிண்டில் பேரிங்கை!

இங்கேதான் எங்கள் நிலைமை உங்களுக்குப் புரிய வேண்டும். பெரிய பட்டறையில் ஒரு லேத் பிரிந்து கிடந்தால் பக்கத்து லேத்தில் ஸ்பேசர் கடைந்துகொள்வார்கள். வீட்டில் இருப்பது ஒரே லேத். ஸ்பிண்டிலை உருவி மேஜையில் வைத்த பிறகு ஸ்பேசர் நீளம் அதிகம் என்று தெரிந்தால், அதை எதில் போட்டுக் கடைவது? அடாப்டர் பிளேட்டும் அதே கதைதான். 55 பள்ளத்தைப் பழைய சக்கில் பிடித்துக் குடைந்துகொண்டு, பிறகு பிளேட்டை ஸ்பிண்டிலிலேயே பூட்டி 72 மேட்டைக் கடைய வேண்டும், அப்போதுதான் ஆட்டமில்லாமல் ஓடும். எந்தப் பாகம் எந்த வரிசையில் என்பதை முன்கூட்டியே காகிதத்தில் போட்டுவிட்டுத்தான் ஸ்பேனரைத் தொட முடியும். காகிதத்தில் போட அளவு வேண்டும். நான் பேரிங் நம்பரைப் பார்த்தே அகலத்தைக் கணக்குப் போட்டுவிட்டதால் லேத் பிழைத்தது. நம்பர் இல்லாத பாகத்துக்கு என்ன செய்வது?

கிருஷ்ணகிரியில் எந்தப் பேரிங் கடைக்கும் போய் 6206 என்று மட்டும் சொல்லுங்கள். கடைக்காரர் உங்கள் மெஷினைப் பார்த்ததில்லை, பார்க்கவும் தேவையில்லை. எந்தக் கம்பெனி பேரிங் எடுத்துக் கொடுத்தாலும் 30, 62, 16. அந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு ஒழுங்கு இருக்கிறது. இன்னும் 50 கிலோமீட்டர் மேலே போனால் ஓசூர். டிவிஎஸ், அசோக் லேலண்ட், டைட்டன் எல்லாம் இருக்கிற ஊர். சிப்காட்டைச் சுற்றிச் சந்துக்குச் சந்து சின்னச் சின்னப் பட்டறைகள், மைக்ரான் கணக்கில் வேலை செய்கிறவர்கள். அங்கே எந்த டர்னரிடம் போனாலும் முதல் கேள்வி “டிராயிங் இருக்காப்பா?” டிராயிங் இல்லாமல் ஒரு வாஷர்கூடக் கடைய மாட்டார்கள். அப்படிப்பட்ட மாவட்டத்தில் உட்கார்ந்துகொண்டு, இரும்புச் சாமான் விற்கிறவரிடம் ஒரு விட்டம் கேட்டு வாங்க முடியவில்லை என்றால் வயிறு எரியாதா?

“ஓசூர் பக்கத்துலதானே, அங்கேயே குடுத்துப் பண்ணிக்கோ” என்று அறிவுரை சொல்கிறவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். ஒற்றைப் பீஸுக்கு யாரும் செட்டிங் போட மாட்டார்கள். “கட்டுபடியாகாது தம்பி, நூறு பீஸ்னா கொண்டா” என்று அங்கே ஒரு பெரியவர் என் முகத்துக்கு நேராகவே சொன்னார். அவர் சொன்னதில் தப்பே இல்லை, அவருக்கு மெஷின் மணிக்கணக்கில் காசு. அதனால்தானே நாங்கள் வீட்டில் லேத் வைத்திருக்கிறோம்.

மில்லிங் பக்கம் வாருங்கள், அங்கே இன்னும் மோசம். கட்டரைக் கவ்விப் பிடிக்கிற ஈஆர்32 காலெட் வாங்கினால் பிரச்சினை இல்லை, யார் செய்தாலும் யாருடைய சக்கிலும் போகும். அதற்கு ஐஎஸ்ஓ 15488 என்று தரமே இருக்கிறது. ஆனால் அந்தக் காலெட் சக்கின் பின்னால், சக்கை மேலே இழுத்துப் பிடிக்கிற டிராபார் கம்பி போகிற மரை? எம்டி3 டேப்பர் (ஸ்பிண்டிலுக்குள் உட்காரும் கூம்பு) என்று மட்டும் போட்டு விற்கிறார்கள். உள்ளே எம்12 வரும், எம்10 வரும், 3/8 இன்ச்சும் வரும். டேப்பர் கச்சிதமாக உட்காரும், டிராபார் மட்டும் பிடிக்காது. பிடிக்காத டிராபாரோடு எண்ட் மில்லை ஓட்டினால் அதிர்வில் டேப்பர் கழன்று வேலைமீதே இறங்கும், கட்டரும் போகும் ஜாபும் போகும், விரல் அங்கே இருந்தால் விரலும் போகும். எத்தனை பெரிய விஷயத்தை ஒரு வரி சோம்பலில் விடுகிறீர்கள்!

58 பீஸ் கிளாம்பிங் செட் விற்பவர்கள் ஸ்டட் அளவைச் சொல்வார்கள், டேபிள் பள்ளத்தில் போகிற டி-நட் எந்த ஸ்லாட்டுக்கு என்று சொல்லமாட்டார்கள். டேபிளில் இருப்பது 12 மில்லிமீட்டர் ஸ்லாட், வருவது 14. இழைத்துக் குறைத்துக்கொள்ளலாம்தான். இழைக்க அதை டேபிளில் பிடிக்க வேண்டும், பிடிக்கத்தான் அந்த கிளாம்பே வாங்கினோம்.

லேத்தில் டூலைப் பிடிக்கிற டூல் போஸ்ட் இதைவிடக் கொடுமை. ‘குயிக் சேஞ்ச்’ என்று வாங்கிப் பூட்டினால் ஹோல்டர் முழுக்கக் கீழே இறங்கியும் 12 மில்லிமீட்டர் டூலின் நுனி சென்டருக்கு, அதாவது வேலை சுற்றுகிற நடுக்கோட்டுக்கு, மேலே நிற்கிறது. சென்டருக்கு மேலே நின்றால் வெட்டாது, உரசும். 10 மில்லிமீட்டர் டூல் என்றால் சரியாக வரும். ‘இந்த ரக லேத்துக்கு 10 மில்லிமீட்டர் டூல் வரைதான்’ என்று ஒரு வரி போட்டிருந்தால் இன்செர்ட் டூல் செட்டை 12-இல் எதற்கு வாங்கப் போகிறேன்?

மரை வெட்டும்போது டூலை நகர்த்துகிற லீட் ஸ்க்ரூ மெட்ரிக்கா இன்ச்சா என்றுகூடச் சொல்லத் தெரியாமல் லேத்தையே விற்கிறவர்கள் இருக்கிறார்கள். 1.5 மில்லிமீட்டர் பிட்ச்சும் (மரைக்கு மரை இடைவெளி) இருக்கிறது, இன்ச்சுக்கு 16 மரையும் இருக்கிறது. பின்னது 1.5875. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். மெட்ரிக் கணக்கில் கியர் போட்டு இன்ச் ஸ்க்ரூவில் எம்10 மரை வெட்டினால் பத்து மரைக்கு 0.875 மில்லிமீட்டர் விலகும், நட்டு கொஞ்ச தூரம் ஏறி இறுகிவிடும். சரியாக மாற்ற 127 பல் கியர் வேண்டும். பல் அளவு மாட்யூல் 1 என்றால் அதன் வெளிவிட்டமே 129 மில்லிமீட்டர், இந்தச் சின்ன லேத்தின் மூடிக்குள் எங்கே போகும்?

திருப்பி அனுப்பலாமே என்பீர்கள். “பாக்ஸ் பிரிச்சிட்டீங்க, கிரீஸ் தொடச்சிட்டீங்க, யூஸ் பண்ண மாதிரி இருக்கு” என்பார்கள். பிரிக்காமல் எப்படி அளப்பது? அளந்தால்தானே பொருந்தாது என்று தெரியும்? கனமான இரும்புக்குத் திரும்பும் கூரியர் செலவும் எங்கள் தலையில். அதனால்தான் பலரும் வாய் மூடிக்கொண்டு அலமாரியில் போட்டுவிடுகிறார்கள். உங்களுக்கு ‘கம்ப்ளெயின்ட் வராத’ ரகசியம் அதுதான்.

வீடியோ போடுகிற சகோதரர்களிடமும் ஒரு வார்த்தை. உங்கள் உழைப்பை மதிக்கிறேன், பார்த்துக் கற்றிருக்கிறேன். ஆனால் “என்ன அளவு அண்ணா?” என்று ஒரு பையன் கேட்டால் “இன்பாக்ஸ் வாங்க” என்று எழுதாதீர்கள். அங்கேயே எழுதுங்கள், எல்லோரும் பார்க்கட்டும்.

அளவு சொல்லி விற்கிறவர்களே இல்லையா என்றால் இருக்கிறார்கள். என் மில்லிங் மெஷினின் நிற்கிற தூண் உள்ளே வெறும் கூடு, கட்டர் கடிக்கும்போதெல்லாம் அதிரும். இங்கே கிரானைட் பட்டறைகளில் துண்டும் துகளும் மலையாகக் கிடக்கிறது. அதைச் சலித்துக் கழுவிக் காயவைத்து, எபாக்ஸி ரெசினில் பிசைந்து தூணுக்குள் நிரப்பினேன். ரெசின் டப்பாவில் கலவை விகிதம், இறுகும் நேரம், எல்லாம் அச்சடித்திருந்தது. அதன்படி செய்தேன், வந்தது. சத்தம் மாறிவிட்டது, எஃகில் ஓட்டும்போது காதுக்கே தெரிகிறது. ரெசின் விற்பவருக்கு முடிகிறது, இரும்பு விற்பவருக்கு ஏன் முடியாது?

பாலக்கோட்டில் எனக்குத் தெரிந்த ஒரு பையன், ஐடிஐ படித்தவன். சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஒரு மினி லேத் வாங்கினான். மோட்டார் பம்ப்புக்கு புஷ், ஸ்ப்ரேயருக்கு நாசில் என்று ஊருக்குள் சின்ன வேலை எடுக்கலாம் என்ற கனவு. அவன் வாங்கிய நாலு ஜா (கவ்வும் தாடை) சக்குக்கு நாலு போல்ட், அவன் ஸ்பிண்டில் ஃபிளேஞ்சில் மூன்று ஓட்டை. விற்றவர் போனே எடுக்கவில்லை. இப்போது லேத் சாக்கு போர்த்தி மூலையில் இருக்கிறது. கையில் வேலை இருக்கிற பையன் அவன். “எனக்கு இது ஒத்து வராதுங்ணா” என்று அவன் சொன்னபோது எனக்கு வந்த கோபம் அவன்மேல் இல்லை. மூன்று ஓட்டையா நாலு ஓட்டையா என்று எழுதாமல் விட்டவர்மேல்.

அடுத்து, வேலையைக் கோணம் பார்த்துத் திருப்புகிற ரோட்டரி டேபிள் வாங்கப் போகிறேன். டேபிள் உயரம், நடு ஓட்டையின் டேப்பர், ஸ்லாட் அகலம், அடிப்பக்கக் காதுகளின் இடைவெளி, கைப்பிடியின் ஒரு சுற்றுக்கு எத்தனை டிகிரி. இந்த ஐந்தையும் எழுத்தில் தருகிறவருக்குத்தான் பணம் போகும், விலை கூட இருந்தாலும் பரவாயில்லை. தெரியாது என்று சொல்லாதீர்கள். டிஜிட்டல் காலிப்பர் உங்கள் கடையிலேயே விற்கிறீர்கள். ஒன்றைப் பிரித்து எடுத்து அளந்து எழுதுங்கள்.