சக்காராவை அந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள்

எகிப்து ஆவணப்படங்கள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை என்று இங்கே வந்த கட்டுரையில் அதன் ஆசிரியர் எழுதியிருப்பது முக்கால்வாசி சரிதான். இருட்டில் ஒரு டார்ச், திகில் இசை, "இதோ, கதவு திறக்கப் போகிறது", உடனே விளம்பரம். அலுத்துவிட்டது.

ஆனால் 2020-இல் நெட்ஃபிளிக்ஸில் வந்த, கெய்ரோவுக்குத் தெற்கே உள்ள சக்காரா என்ற பழைய இடுகாட்டைப் பற்றிய படம் வேறு ரகம். அங்கே 2018-இல் கிடைத்த வாஹ்தியே என்ற பூசாரியின் கல்லறைதான் கதை; அது சுமார் 4,400 வருஷப் பழசு. தோண்டுகிறவர்கள், எலும்பைப் பார்த்து நோயை ஊகிக்கிறவர் எல்லாருமே எகிப்தியர்கள், பேசுவது அரபி. தொப்பி போட்ட வெள்ளைக்காரர் வந்து விளக்கம் சொல்வதில்லை, அதுவே பெரிய நிம்மதி!

தெற்கு எகிப்தின் குஃப்த் ஊரைச் சேர்ந்த அகழாய்வுக்காரர்களைப் பற்றி யாராவது முழுப் படம் எடுத்தால் தேவலை. 1890-களில் பிளிண்டர்ஸ் பெட்ரி என்ற ஆங்கிலேயத் தொல்லியலாளர் பழக்கிய ஆட்களின் வழிவந்தவர்கள். மண்ணோடு மண்ணாகிப்போன செங்கல் சுவரைக் கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரர்கள். அகழாய்வு அறிக்கைகளில் பெரும்பாலும் இவர்கள் வெறும் 'தொழிலாளர்கள்'.

பின்னூட்டத்தில் 'பிரமிடைக் கட்டியது வேற்றுக்கிரகவாசி' என்று எழுதிய நண்பருக்கு: 2013-இல் எகிப்தின் செங்கடல் கரையில் வாடி அல்-ஜர்ஃபில் கிடைத்த பாப்பிரஸை (நாணல் தாளில் எழுதிய பழைய ஏட்டை) தேடிப் படியுங்கள். மெரர் என்ற மேற்பார்வையாளர் துரா கல்குவாரியிலிருந்து, பெரிய பிரமிடு எழும்பிக்கொண்டிருந்த கீசாவுக்குப் படகில் சுண்ணாம்புக்கல் கொண்டுபோன தினக்கணக்கு அது.