எங்கள் ஊரில் கடத்தல் என்றால் வேறு

போன மாதம் எங்கள் ஊர் மாதர் சங்கக் கட்டடத்தில் ஒரு விழிப்புணர்வுக் கூட்டம். நானும் போயிருந்தேன். சுவரில் ‘ஆட்கடத்தலைத் தடுப்போம்’ என்று பெரிய எழுத்தில் ஒரு தாள். கேள்வி இருந்தால் கேட்கலாம் என்றதும் பின்வரிசையில் இருந்த ஓர் அம்மா எழும்பினார்.

“என்ர பிள்ளையை ஒருத்தரும் கடத்தேல்லை தம்பி. அவளாத்தான் போனவள். ஏஜென்சிக்காரன் வீட்டுக்கு வந்து, பாஸ்போட் எடுத்துத் தந்து, கையில காசும் தந்துதான் கூட்டிக்கொண்டு போனவன்.”

மகள் வளைகுடா நாடொன்றில் வீட்டு வேலை. போய் இறங்கிய அன்றே பாஸ்போட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். சொன்ன சம்பளம் இல்லை, பிறகு சம்பளமே இல்லை. வீட்டுக்குப் பேசுவதும் ஒளித்துத்தான். அந்தத் தாள் யாருக்காக ஒட்டப்பட்டதோ அவர்களில் முதல் ஆள் இந்த அம்மா. ஆனால் அது வேறு யாரையோ பற்றியது என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. வன்னியில் கடத்தல் என்றதும் எங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? வெள்ளை வான். வாசலில் நின்ற பிள்ளையை ஏற்றிக்கொண்டு போனது. கிளிநொச்சியில் தெருவோரம் படங்களோடு இன்னும் காத்திருக்கும் தாய்மார். அதற்கு அடுத்ததாக, பத்திரிகையில் வரும் கடத்தல்கள்: டிப்பரில் மணல், காட்டில் வெட்டிய முதிரை, மாடு, கேரள கஞ்சா. எனக்கு இன்னொன்றும் ஞாபகம் வரும். பொருளாதாரத் தடைக் காலத்தில் ரேடியோவுக்குப் போடும் பற்றரியைக்கூட ஒளித்துத்தான் கொண்டுவந்தோம். அதற்கும் கடத்தல் என்றுதான் பெயர். ஆளைத் தூக்குவதும் பற்றரி கொண்டுவருவதும் ஒரே சொல்லுக்குள் இருந்தால், விசா எடுத்து விமானம் ஏறிய பிள்ளையை அதற்குள் எப்படிப் பார்ப்பது?

ஆட்கடத்தலை ஆங்கிலத்தில் ட்ரபிக்கிங் என்பார்கள், ட்ரபிக் என்ற சொல்லிலிருந்து வந்தது. எங்கள் ஆட்களுக்கு அந்தச் சொல் நல்ல பழக்கம், ஆனால் அர்த்தம் வேறு. “முறிகண்டியில ட்ரபிக் நிக்குது” என்றால் வாகன நெரிசல் என்று இங்கே யாரும் நினைக்க மாட்டோம். பொலிஸ் நிற்கிறது, ஹெல்மெட்டைப் போடு என்று அர்த்தம். யூடியூப் நடத்தும் பெடியள் சொல்லும் ட்ரபிக் இன்னொன்று, அது எத்தனை பேர் வந்து பார்த்தார்கள் என்ற கணக்கு. தமிழில் நாங்கள் சொல்லும் போக்குவரத்து இதையெல்லாம்விட அழகான சொல். போவதும் வருவதும் இரண்டும் அதில் இருக்கின்றன. குளத்துக்கு நீர்வரத்து, சந்தைக்கு மரக்கறி வரத்து. கோபித்துக்கொண்ட இரண்டு வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்லும்போதும் “இப்ப அவையோட போக்குவரத்து இல்லை” என்போம். 2002இல் யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ9 வீதி திறந்தபோதும் 2006 ஓகஸ்டில் அது மூடப்பட்டபோதும் இந்தச் சொல்லின் முழு அர்த்தத்தையும் நாங்கள் அனுபவித்தவர்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஆங்கிலத்தில் ட்ரபிக் என்ற சொல் பதினாறாம் நூற்றாண்டில் பிரெஞ்சிலிருந்து வந்தபோது அதற்கு வியாபாரம் என்றுதான் பொருள். தெருவில் ஓடும் வாகனங்களைக் குறிக்கத் தொடங்கியது பல காலம் கழித்து. ஆட்களைப் பற்றிப் பேசும்போது மட்டும் அந்தப் பழைய பொருள் அப்படியே நிற்கிறது, ஆளை வைத்துச் செய்யும் வியாபாரம். அதை நாங்கள் கடத்தல் என்று மொழிபெயர்த்ததில் வியாபாரம் விழுந்துபோய், ஆளைத் தூக்குவது மட்டும் மிஞ்சிவிட்டது.

சட்டம் தூக்கிக்கொண்டு போவதை மட்டும் பார்க்கவில்லை. 2000ஆம் ஆண்டின் ஐ.நா. நெறிமுறை மூன்று விஷயங்களைக் கேட்கிறது. ஆளைச் சேர்த்தார்களா அல்லது கொண்டுபோனார்களா, அதற்குப் பொய்யோ மிரட்டலோ பயன்பட்டதா, நோக்கம் சுரண்டலா. பொய் சொல்லி வாங்கிய சம்மதம் கணக்கில் வராது. பதினெட்டு வயதுக்குக் கீழ் என்றால் பொய் சொன்னதைக்கூட நிரூபிக்கத் தேவையில்லை. இலங்கை அதை 2015இல் ஏற்றுக்கொண்டது. அதற்கு முன்பே, 2006இல், எங்கள் தண்டனைச் சட்டக்கோவையில் இந்தக் குற்றம் திருத்தி எழுதப்பட்டுவிட்டது. தண்டனை 2 வருடம் முதல் 20 வருடம் வரை.

கப்பலில் ஆள் ஏற்றுவது வேறு. 2010இல் சன் சீ என்ற கப்பலில் எங்கள் ஆட்கள் 492 பேர் கனடாவுக்குப் போனார்கள். அப்படிப் போகிறவர் காசு கொடுத்து எல்லை தாண்டுகிறார், இறங்கியதும் அந்தக் கணக்கு முடிகிறது. அந்த அம்மாவின் மகளுக்கு இறங்கிய பிறகுதான் எல்லாமே தொடங்கியது. ஆனால் எங்கள் பத்திரிகைகள் இரண்டுக்கும் ஆட்கடத்தல் என்றே போடுகின்றன.

ஆகவே கூட்டம் நடத்துகிறவர்களிடமும் செய்தி எழுதுகிறவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். ‘ஆள் வியாபாரம்’ என்று எழுதுங்கள். மனித வியாபாரம் என்றாலும் சரி. நுண்கடன் கட்ட முடியாமல் பிள்ளையை அனுப்பிய வீடுகள் இங்கே இருக்கின்றன. அந்த வீடுகளுக்கு வியாபாரம் என்றால் உடனே விளங்கும்.

அன்றைக்குக் கூட்டம் முடிந்து கதிரைகளை அடுக்கும்போது அந்த அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்து இதைத்தான் சொன்னேன். உங்கள் பிள்ளையை வைத்து அவன் வியாபாரம் செய்திருக்கிறான், அது குற்றம், முறைப்பாடு செய்யலாம் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: “அப்ப அவன் தந்த காசை நான் வாங்கினது?”

அது உங்கள் பிழை இல்லை அம்மா, உங்களிடமும் பொய் சொல்லித்தான் தந்தவன் என்றேன். முறைப்பாட்டை எழுத நானும் கூட வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். திங்கட்கிழமை போகிறோம்.