கொன்றால்தான் எக்ஸ்பி என்றால் அதை முதல் நாளே சொல்லித் தொலையுங்கள்

நாங்கள் ஆடுவது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்: ஆளுக்கொரு பாத்திரமாகி, பகடை உருட்டி, ஒரு கதைக்குள் ஆடும் மேசை விளையாட்டு. செத்துப்போன தன் போர்வீரனுக்குப் பதிலாகப் புதுக் கேரக்டர் எழுதிக்கொண்டு வந்த நண்பனை 2,700 எக்ஸ்பியில், அதாவது அனுபவப் புள்ளியில், தொடங்கச் சொல்லிவிட்டார் ஆட்டத்தை நடத்தும் எங்கள் டி.எம். மற்ற மூவரும் 6,550. மூன்று பேர் ஐந்தாம் லெவல், அவன் மட்டும் நான்காம் லெவலின் அடிவாசலில். "சாவுக்கு ஒரு விலை வேண்டாமா தம்பி?" என்கிறார். அந்தச் சாவே நடந்திருக்கக் கூடாத சாவு! அதைத் திட்டமிட்டுத் தவிர்த்தவர்கள் நாங்கள். தவிர்த்ததற்குத்தான் இந்தத் தண்டனை.

இதை ஆடுகிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. உங்கள் மேசையிலும் இப்படி ஒருவர் இருப்பார். தான் எழுதி வைத்த சண்டையை நீங்கள் புத்தியால் தாண்டிவிட்டால் முகம் தொங்கிப்போகும். அந்த ஆத்திரத்தை எக்ஸ்பியில் காட்டுவார்.

நடந்ததைக் கேளுங்கள். மலைக்கணவாய், ஒரே வழி. அதன் வாயிலில் இடிந்த காவல் கோபுரம், உள்ளே நான்கு ஓகர்கள், தடி தூக்கிய ராட்சதர்கள். எங்கள் நால்வரின் கணக்கும் அப்போது 6,100. ஐந்தாம் லெவலுக்கு 6,500 வேண்டும். ஐந்தாம் லெவல் என்பது தாளில் ஓர் எண் மாறுவது அல்ல. மந்திரவாதிக்கு ஃபயர்பால் கிடைக்கும் லெவல் அது, போர்வீரன் ஒரே முறையில் இரண்டு தடவை வெட்டும் லெவல் அது. ஓகர் ஒன்றுக்கு 450 எக்ஸ்பி. நான்குக்கு 1,800, பங்கு போட்டால் ஆளுக்கு 450. கணவாயைத் தாண்டினால் லெவல் ஏறிவிடலாம் என்று எல்லோரும் விரல்விட்டு எண்ணிக்கொண்டுதான் இருந்தோம்.

ஓகர் தடியால் ஓங்கி அடித்தால் சராசரியாக 13 ஹிட் பாயின்ட், அதாவது உயிர்ப் புள்ளி, போகும். என் மந்திரவாதியிடம் இருப்பதே 22. இரண்டு அடி, ஆள் தரையில். 2014ஆம் ஆண்டு விதிநூலின் கணக்குப்படி, நான்காம் லெவலில் இருக்கும் நால்வருக்கு எதிரிகளின் எக்ஸ்பி 2,000 என்ற அளவைத் தொட்டாலே சண்டை உயிருக்கு ஆபத்தான வகை. எதிரிகள் கூட்டமாக இருந்தால் சேர்க்க வேண்டிய பெருக்கலைச் சேர்த்தால் இந்த நான்கு ஓகர்கள் 3,600. அந்தச் சண்டையைத் தயாரித்தவருக்கு இது தெரியாதா? இப்படி ஒன்றை எதிரில் வைத்துவிட்டு, ஏன் மோதவில்லை என்று கேட்பது என்ன நியாயம்?

நாங்கள் மோதவில்லை. கீழே இருந்த இடையர் கிராமத்துக்குப் போனோம். ஆடு ஒன்று ஒரு பொற்காசு. ஆறு ஆடுகள் வாங்கினோம். இடையனாகப் பேசிய டி.எம். அரை மணி நேரம் பேரம் பேசியும் ஒரு காசு குறைக்கவில்லை. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று விசாரித்தோம். போர்வீரனின் சங்கிலிக் கவசம் நடந்தால் சலசலக்கும், எனவே அதைக் கழற்றச் சொன்னோம். கழற்ற ஐந்து நிமிடம், திரும்ப மாட்டப் பத்து நிமிடம், விதி அப்படி. இடையில் யாராவது பாய்ந்தால் அவன் வெறும் சட்டையோடு நிற்க வேண்டும். அதற்கும் அவன் ஒப்புக்கொண்டான். கவசத்தைப் போர்வையில் சுருட்டி, மடிப்புக்கு மடிப்பு வைக்கோல் திணித்து, கோவேறு கழுதையின் முதுகில் கட்டினோம். கழுதையின் கழுத்து மணியைக்கூடக் கழற்றினோம். ஓகர்களுக்கு இருட்டில் 60 அடி வரை கண் தெரியும். அதற்கு அப்பால், சரிவின் கீழே ஆடுகளை அவிழ்த்துவிட்டோம். நான் பாறைக்குப் பின்னால் பதுங்கி, மாய ஒலியால் ஒரு குட்டியைக் கதறவைத்தேன்.

மூன்று ஓகர்கள் ஓடினார்கள். நான்காமவன் நகரவில்லை. மேசையில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. என் மந்திரவாதிக்கு ராட்சத மொழி தெரியும். கதறலை நிறுத்திவிட்டு, அதே மந்திரத்தால் ஓர் ஓகரின் குரலை எழுப்பினேன்: "இப்போது வராவிட்டால் உன் பங்கு எலும்புதான்!" டி.எம். பகடையை உருட்டினார், நான்காமவனும் ஓடினான். பிறகு நால்வரும் பதுங்கிப் போவதற்கு உருட்டினோம். போர்வீரனுக்கு விழுந்தது 4, மற்ற மூவரும் தேறினோம். பாதிப் பேர் தேறினால் குழுவே தேறியது என்பது விதி. கணவாயைத் தாண்டினோம். நாற்காலிகளை விட்டு எழுந்து கத்தினோம். அவ்வளவு நல்ல ஆட்டம் அந்த மேசையில் அதற்கு முன் நடந்ததே இல்லை.

இரவு ஆட்டம் முடிந்து எக்ஸ்பி கேட்டால், நோட்டை மூடிக்கொண்டே, "இன்றைக்கு எதுவும் இல்லை" என்கிறார்.

"அண்ணா, ஓகர்களைத் தாண்டிவிட்டோமே?"

"சண்டையே நடக்கவில்லையே தம்பி. அவர்கள் உயிரோடுதானே இருக்கிறார்கள்?"

வீட்டுக்குள் புகுந்த பாம்பைப் பிடித்துக் காட்டில் விட்டவரிடம், பாம்பு சாகவில்லை, அதனால் கூலி இல்லை என்று சொல்வதைப் போல இருந்தது எனக்கு.

எக்ஸ்பி கொலைக்கான கூலி என்று இவருக்கு யார் சொன்னது? கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974இல் இந்த ஆட்டத்தை வெளியிட்டபோது, எக்ஸ்பியில் பெரும்பங்கு, வெளியே கொண்டுவந்த புதையலுக்குத்தான். 1981ஆம் ஆண்டின் அடிப்படை விதிகளில் ஓர்க் என்னும் அரக்கன் ஒருவனைக் கொன்றால் 10 எக்ஸ்பி. ஒரு பொற்காசைப் பத்திரமாக வெளியே கொண்டுவந்தால் 1. 500 காசு உள்ள பெட்டியை யாரும் எழாமல் தூக்கிக்கொண்டு வந்தவன்தான் கெட்டிக்காரன்; நின்று சண்டை போட்டுப் பத்துக்காக உயிரை விடுகிறவன் முட்டாள். அந்தக் கணக்கே ஆடுகிறவர்களுக்குப் பதுங்கவும் பேசவும் ஏமாற்றவும் கற்றுக்கொடுத்தது. 2000ஆம் ஆண்டின் மூன்றாம் பதிப்பில் டி.எம்.களுக்கான கையேடு இந்தக் கேள்வியையே எடுத்துப் பேசுகிறது: தூங்கும் மினோட்டாரை, அதாவது காளைத்தலை அரக்கனை, தாண்டிப் புதையல் அறைக்குள் போய்விட்டால், உள்ளே போவதுதான் நோக்கம் என்றால், அந்தச் சவாலை வென்றதாகவே கொள்ளலாம் என்கிறது. 2014 நூலிலும் கொல்வது மட்டும் வெற்றி இல்லை. விரட்டினாலும் சிறைபிடித்தாலும் வெற்றிதான். சண்டையில்லாத சவாலுக்கு எக்ஸ்பி தருவதை டி.எம். முடிவுக்கு விட்டிருக்கிறார்கள். அந்த ஒரு வரிக்குப் பின்னால் இவர் போய் ஒளிந்துகொள்கிறார். முடிவெடுக்கும் உரிமை கொடுத்தால் நியாயமாக முடிவெடுக்க வேண்டாமா?

இதனால் என்ன ஆகிறது என்று பாருங்கள். சில மாதங்களுக்கு முன் பக்பேர் என்னும் முரட்டுப் பூதங்கள் இரண்டைப் பிடித்துக் கட்டி வைத்திருந்தோம். கட்டிப்போட்ட கைதிகளின் கழுத்தை எங்களில் ஒருவன் அறுத்தான். டி.எம். உடனே ஒன்றுக்கு 200 வீதம் 400 எழுதினார், முகம் சுளிக்கக்கூட இல்லை. அதே வாரம் கோப்ளின் என்னும் குட்டிப் பூதம் ஒன்றை மன்னித்து அனுப்பினோம். அதற்கு எதுவும் இல்லை. அன்றிலிருந்து எங்கள் மேசையில் கைதி என்று ஒருவர் உயிரோடு இருப்பதில்லை. கருணையின் தெய்வத்தைக் கும்பிடும் மதகுருவே கத்தியைத் தேடுகிறாள். பிறகு இவரே, "நீங்கள் எல்லாம் கொலைகாரக் கும்பலாகிவிட்டீர்கள்" என்று வருத்தப்படுகிறார். பழக்கியது யார்?

எக்ஸ்பி கணக்கே வேண்டாம், கதை ஒரு கட்டத்தைத் தொட்டால் லெவல் ஏறட்டும் என்கிற மைல்ஸ்டோன் முறையையும் இவரிடம் ஆடிப் பார்த்தாயிற்று. அப்போதும் கல்லறைக்குள் போகாமலே சூனியக்காரனைக் கண்டுபிடித்துவிட்டோம். லெவல் கல்லறையின் கடைசி அறையில்தான் என்றார். முறையை மாற்றினாலும் மனம் மாறவில்லை.

சரி, சுழியத்தை விழுங்கிக்கொண்டு அடுத்த முறை போனோம். கணவாய்க்கு அப்பால் ஒரு பாலம். பாலத்தில் நான்கு ஓகர்கள்! மேசையில் வைத்த பொம்மைகள்கூட அதேதான். அதில் ஒன்றுக்குத் தடியின் நுனி உடைந்திருக்கும், அந்த உடைந்த நுனியையும் பார்த்தோம். "இவர்கள் வேறு ஓகர்கள்" என்றார். எந்தப் பாதையில் போனாலும் டி.எம். வைத்த ஓகர் அங்கே வந்து நிற்கும் என்பதால் இதற்குக் குவாண்டம் ஓகர் என்று பெயரே வைத்திருக்கிறார்கள். இந்த முறை ஆடும் இல்லை, பதுங்க இடமும் இல்லை, பின்னால் வழியையும் அடைத்துவிட்டார். மோதினோம். கவசத்தைக் கழற்றிக் கழுதையில் கட்டினானே, அந்தப் போர்வீரன் எனக்கு முன்னால் வந்து நின்று, எனக்கு விழ வேண்டிய அடியை வாங்கிச் செத்தான். ஆளுக்கு 450 கிடைத்தது. போன வாரம் எங்களுக்குச் சேர வேண்டிய அதே 450, ஓர் ஆளைப் பறித்துக்கொண்டு.

இப்போது அவனுக்கு 2,700! எங்களுக்கும் அவனுக்கும் 3,850 இடைவெளி. ஐந்தாம் லெவலுக்கு ஏற்ற எதிரிகளின் முன்னால் அவனை நிறுத்தினால் மறுபடியும் சாவான், மறுபடியும் 2,700. குழுவில் எல்லோருக்கும் ஒரே எக்ஸ்பி வைத்தால் என்ன குறைந்துவிடும்? எழுதுவது பென்சிலால்தானே?

கொலைக்கு மட்டும்தான் எக்ஸ்பி என்றால் முதல் நாளே சொல்லுங்கள். நான் மந்திரவாதியைக் கிழித்துப் போட்டுவிட்டுக் கோடாலி தூக்குகிற ஒருவனை எழுதிக்கொள்கிறேன். ஆட்டுக்காக அரை மணி நேரம் பேரம் பேசவிட்டு, எல்லோரையும் சிரிக்கவும் கத்தவும் விட்டு, கடைசியில் ஒன்றுமில்லை என்று நோட்டை மூடாதீர்கள்.

இன்னொன்று. மிக்சர் தின்ற கையோடு என் நீலப் பகடைகளை எடுக்காதீர்கள் என்று எத்தனை முறை சொல்வது? எண்களின் பள்ளத்தில் எண்ணெயும் மிளகாய்த்தூளும் ஏறி, 6 எது 9 எது என்று தெரியவில்லை. மேசை மேலேயே துணி இருக்கிறது. துடைத்துவிட்டு எடுங்கள், இல்லையென்றால் சொந்தப் பகடை வாங்கிக்கொண்டு வாருங்கள்.