வேலை போகவில்லை, ஓ.டி. போனது

அமெரிக்காவின் மாதாந்திர வேலைவாய்ப்பு அறிக்கை வந்ததும் எல்லோரும் இரண்டே எண்களைத் தேடுகிறார்கள்: எத்தனை வேலை கூடியது, வேலையின்மை எத்தனை சதவீதம். என்னைக் கேட்டால் முதலில் பார்க்க வேண்டியது, தொழிற்சாலை உற்பத்தித் தொழிலாளர்கள் வாரத்துக்குச் சராசரியாக எத்தனை மணி நேரம் வேலை பார்த்தார்கள் என்பதைத்தான்.

ஷிஃப்ட் பார்த்த எவருக்கும் இதன் காரணம் புரியும். ஆர்டர் குறைந்தால் எந்த நிர்வாகமும் எடுத்த எடுப்பில் ஆளை அனுப்பாது. பழகிய கையை விட்டுவிட்டு, நாளைக்கு ஆர்டர் திரும்பும்போது புது ஆளைத் தேடிப் பிடித்து, வேலை சொல்லிக்கொடுத்து, அவர் வேகம் பிடிப்பதற்குள் மாதங்கள் ஓடிவிடும். அதனால் முதலில் சனிக்கிழமை ஓ.டி., அதாவது கூடுதல் நேர வேலை, நிற்கும். அப்புறம் தினமும் கூடுதலாகப் பார்த்த இரண்டு மணி நேரம். அடுத்தது ஏஜென்சி ஆட்கள். நிரந்தர ஆட்களின் முறை கடைசியில்தான் வரும். நான் வேலை பார்த்த இடத்தில் ஓ.டி. பட்டியலை நோட்டீஸ் போர்டில் குத்தி வைப்பார்கள். ஒரு பக்கம் நிறைய இருந்த பெயர்கள் பாதியாகி, நாலு வரியாகி, ஒரு வாரம் குண்டூசி மட்டும் இருந்தது. ஆட்குறைப்பு அறிவிப்பு அதற்குப் பல வாரம் கழித்துத்தான் வந்தது. அன்றைக்கு எங்கள் லைனில் ஒருவரும் அதிர்ச்சியடையவில்லை.

நிலைமை தேறும்போதும் இதே வரிசைதான். 2009-இல் அமெரிக்கத் தொழிற்சாலைகளின் வார நேரம் 40 மணிக்குக் கீழே இறங்கி, ஆண்டின் நடுவிலேயே மெல்ல ஏறத் தொடங்கிவிட்டது. வேலையின்மையோ அக்டோபரில்தான் 10 சதவீத உச்சத்தைத் தொட்டது. கான்பரன்ஸ் போர்டு என்ற அமெரிக்க ஆய்வு அமைப்பு, பொருளாதாரம் எந்தப் பக்கம் போகும் என்று முன்கூட்டியே காட்ட வெளியிடும் முன்னறி குறியீட்டின் 10 அங்கங்களில் இந்த வார நேரமும் ஒன்றாக இருப்பது சும்மா இல்லை.

0.1 மணி குறைந்தது என்றால் பலர் கண்டுகொள்வதே இல்லை. அது வெறும் 6 நிமிடம்தானே! ஆனால் அங்கே உற்பத்தித் தொழிலாளர்கள் சுமார் 90 லட்சம் பேர். ஆளுக்கு 6 நிமிடம் என்றால் வாரத்துக்கு 9 லட்சம் மணி நேரம். 40 மணி வாரக் கணக்கில் 22,500 பேரின் உழைப்பு. ஒருவர் பெயர்கூட பட்டியலிலிருந்து போகாமல் அவ்வளவு வேலை காணாமல் போகிறது.

ஒரே மாதத்தை வைத்து முடிவு கட்டக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கணக்கெடுப்பு, மாதத்தின் 12-ஆம் தேதி அடங்கும் சம்பளக் காலத்தை வைத்து நடக்கிறது. அந்த வாரம் பனிப்புயல் அடித்தாலே எண் சரியும். மூன்று மாதமாவது சேர்த்துப் பார்க்க வேண்டும். இன்று தொழிற்சாலை வேலை மொத்த வேலைவாய்ப்பில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை என்பதும் உண்மை. ஆனால் அதை வைத்து இது பயனில்லாத எண் என்று சொல்பவர்களோடு நான் உடன்படமாட்டேன். ஆர்டர் சுருங்குவது முதலில் தெரிவது அங்கேதான்.

என் ஆதங்கம் வேறு. ஒரு தொழிலாளிக்கு மணிக்கு 20 டாலர் கூலி, வாரம் 46 மணி வேலை என்று வைத்துக்கொள்வோம். 40-க்கு மேல் ஒன்றரை மடங்கு என்பது அங்கே சட்டம். ஆக வாரச் சம்பளம் 980 டாலர். ஓ.டி. நின்றால் 800. குறைந்த நேரம் 13 சதவீதம், குறைந்த சம்பளம் 18 சதவீதம். வாடகையும் வண்டிக் கடனும் அந்த 980-ஐ நம்பிப் போட்ட கணக்கு.

இவர் எந்தக் கணக்கிலும் வரமாட்டார். வேலையிழந்தவர் இல்லை. முழுநேர வேலை கிடைக்காத பகுதிநேரத் தொழிலாளியும் இல்லை. அந்தக் கணக்கில் சேர 35 மணிக்குக் கீழே போக வேண்டும். அறிக்கையில் இவர் தடம் கொஞ்சமாவது தெரியும் இடம், கடைசிப் பக்கங்களில் கிடக்கும், வார நேரத்தையும் ஓ.டி.யையும் சொல்லும் பி-7 என்ற அட்டவணை. நான் அதைத்தான் முதலில் திறக்கிறேன்.