‘செட் அஸ் டீஃபால்ட் ஷேப்’ எல்லாக் கோப்புக்கும் பொருந்தாது

“பவர்பாயிண்டில் ஒரு வடிவத்தை வலது கிளிக் செய்து ‘செட் அஸ் டீஃபால்ட் ஷேப்’ கொடுத்தால் போதும், இனி எல்லாப் பிரசன்டேஷனிலும் அதுவே வரும், டெக்ஸ்ட் பாக்ஸும் மாறிவிடும்” என்று சொல்வது தவறு. இதை நம்பி டெம்ப்ளேட் (மாதிரிக் கோப்பு) தயாரிப்பவர்களின் உழைப்பு வீணாகும் என்பதால் விளக்குகிறேன்.

அந்த அமைப்பு, திறந்திருக்கும் கோப்பின் தீமுக்குள்தான் (நிறம், எழுத்துரு போன்றவற்றின் தொகுப்பு) பதிவாகிறது. புதுக் கோப்பு திறந்தால் பழைய நீலப் பெட்டியே வரும். வடிவம், கோடு, டெக்ஸ்ட் பாக்ஸ் மூன்றுக்கும் தனித்தனிப் பதிவு. ஒவ்வொன்றையும் வலது கிளிக் செய்து தனியாகத்தான் அமைக்க வேண்டும். நிரப்பு நிறம், ஓரக்கோடு, எழுத்துரு, எழுத்தளவு எல்லாம் அந்தப் பதிவில் சேரும். வடிவத்தின் நீள அகலம் சேராது. ஏற்கெனவே வரைந்தவை மாறாது. அவற்றுக்கு ஒன்றின் தோற்றத்தை இன்னொன்றுக்கு நகலெடுக்கும் ஃபார்மேட் பெயின்டரைப் பயன்படுத்தலாம். ஸ்லைடில் தயாராக வரும் தலைப்பு, உள்ளடக்கப் பெட்டிகளோ (பிளேஸ்ஹோல்டர்கள்) ஸ்லைடுகளின் பொது அமைப்பை வைத்திருக்கும் ஸ்லைடு மாஸ்டர் சொல்வதைத்தான் கேட்கும்.

எல்லாப் புதுக் கோப்பிலும் வர வேண்டுமா? மூன்றையும் அமைத்தபின் டிசைன் டேபில் தீம் பட்டியலை விரித்து ‘சேவ் கரண்ட் தீம்’ கொடுங்கள். பிறகு அதே பட்டியலில் உங்கள் தீமை வலது கிளிக் செய்து ‘செட் அஸ் டீஃபால்ட் தீம்’. அலுவலகம் முழுக்கப் பரப்ப வேண்டுமானால் டெம்ப்ளேட்டாகச் சேமித்துக் கொடுப்பதே நல்லது. ஒரே கோப்பில் இரண்டு ஸ்லைடு மாஸ்டர் இருந்தால் கவனம்: ஒவ்வொன்றுக்கும் தனித் தீம், அதனால் இரண்டிலும் அமைக்க வேண்டும்.