மாணவர்களுக்கு விழிப்புணர்வு இல்லை என்று சொல்பவர்களுக்கு

கொரோனா காலத்தைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் யாராவது ஒருவர், "மாணவர்களிடம் விழிப்புணர்வே இல்லை, விளையாட்டுத்தனமாக இருந்தார்கள்" என்று சொல்லிவிடுகிறார். எனக்குக் கோபம் வருகிறது. அந்த நாட்களிலும் இப்போதும் அரசு மேல்நிலைப் பள்ளியில் அறிவியல் பாடம் எடுப்பவள் நான். விதிகள் என்னென்ன என்பது பெரியவர்களைவிடப் பிள்ளைகளுக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. 2020 மார்ச்சில் கைப்பேசியில் யாரை அழைத்தாலும் முதலில் இருமல் கேட்கும், பின்னாலேயே அறிவுரை வரும். அதை ஒரு சொல் பிசகாமல் ஒப்பிக்கும் பிள்ளைகள் எல்லாத் தெருவிலும் இருந்தார்கள். இருபது விநாடி சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும் என்பதை அறியாத ஐந்தாம் வகுப்புப் பிள்ளையை நான் பார்த்ததில்லை.

பிறகு ஏன் கடைப்பிடிக்கவில்லை? அப்படிக் கேட்பதற்கு முன், கடைப்பிடிக்க நாம் என்ன வைத்திருந்தோம் என்று கேட்க வேண்டாமா? நூற்றுக்கணக்கான பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் தண்ணீர் வரும் குழாய்கள் எத்தனை? இடைவேளை பத்து நிமிடம். அதற்குள் கழிப்பறைக்குப் போய், வரிசையில் நின்று, இருபது விநாடி கை கழுவிவிட்டு வகுப்புக்குத் திரும்ப வேண்டும். கணக்குப் போட்டுப் பார்த்தால், சுவரொட்டியில் எழுதியதை அந்தப் பள்ளிக்கூடத்தில் செய்ய முடியாது என்பது பிள்ளைக்கே புரிந்துவிடும். ஒரு விதியைக் கடைப்பிடிக்கவே முடியாது என்று தெரிந்துகொண்ட பிள்ளைக்கு அடுத்த விதியின் மேலும் மரியாதை குறைகிறது.

2021 ஜனவரி 19 அன்று 10, 12ஆம் வகுப்புகளுக்குப் பள்ளி திறந்தபோது இதற்கு நேர்மாறாகவும் பார்த்தேன். வகுப்பறைக்கு 25 பேர்தான். மற்ற வகுப்புகள் வராததால் அறைகள் இருந்தன, குழாய்கள் இருந்தன. ஆசிரியர்கள் வாசலில் நின்று வெப்பநிலை பார்த்து உள்ளே விட்டோம். வைட்டமின், துத்தநாக மாத்திரைகளும் கொடுத்தோம். அந்தப் பிள்ளைகள் சொன்னதை அப்படியே செய்தார்கள். முகக்கவசம் மறந்து வந்தவனை மற்றவர்களே வாசலில் நிறுத்திக் கேட்டார்கள். வசதி இருந்த இடத்தில் ஒழுங்கும் இருந்தது.

அந்த ஒழுங்கைக் குலைத்தவர்கள் மாணவர்கள் அல்லர். அதே ஆண்டு மார்ச் 22 முதல் 9, 10, 11ஆம் வகுப்புகளுக்கு நேரடி வகுப்புகளை நிறுத்தினார்கள். தொற்று ஏறுகிறது, சரி. ஆனால் ஏப்ரல் 6 சட்டமன்றத் தேர்தல். பள்ளிக்கு வரக் கூடாது என்று வீட்டில் உட்கார வைத்த பிள்ளையின் தெரு வழியாகவே பிரசார வாகனமும் அதன் பின்னால் முகக்கவசம் இல்லாத பெருங்கூட்டமும் போயின. எல்லாக் கட்சியினரும்தான். ஒரு மாணவி என்னிடம் கேட்டாள், கூட்டத்துக்குப் போனால் பரவாத நோய் வகுப்புக்கு வந்தால் மட்டும் பரவுமா என்று. கேலியாகக் கேட்கவில்லை, பாடத்தில் சந்தேகம் கேட்பது போலவே கேட்டாள். முகக்கவசம் அணியாவிட்டால் 200 ரூபாய், எச்சில் துப்பினால் 500 ரூபாய் அபராதம் என்று சட்டம் போட்ட மாநிலத்தில், மேடையில் நின்றவர்களிடம் யார் வசூலித்தார்கள்? பிள்ளைகளின் அலட்சியத்தை அளக்க ஆய்வுப் படிவத்தோடு கிளம்புகிறவர்கள் இந்தக் கேள்வியையும் அதில் சேர்க்கட்டும்.

கல்லூரி மாணவர்களுக்கும் இதே கதைதான். 2020 டிசம்பரில் சென்னை ஐஐடி வளாகத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோருக்குத் தொற்று உறுதியானபோது, உணவுக்கூடத்தில் கூடியதைக் காரணமாகச் சொன்னார்கள். விடுதியில் தங்கியவன் சாப்பிட வேறு எங்கே போவான்? நாட்டின் மிகச் சிறந்த அறிவியல் மாணவர்கள் இருக்கும் இடம் அது. அவர்களுக்கும் விழிப்புணர்வு இல்லை என்று சொல்லிவிட முடியுமா?

என் பெரிய மனக்குறை வேறு. எதைச் செய் என்று சொன்ன நாம், ஏன் என்று சொல்லவில்லை. இந்த நோய் காற்றில் பரவுவதல்ல என்று உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச் இறுதியில் அடித்துச் சொன்னது. ஜூலையில் 239 விஞ்ஞானிகள் சேர்ந்து, காற்றில் மிதக்கும் நுண்துளிகளைக் கவனியுங்கள் என்று எழுதினார்கள். 2021 ஏப்ரல் கடைசியில்தான் அந்த நிறுவனத்தின் விளக்கம், காற்று வழியாகவும் தொற்றும் என்று தெளிவாக மாறியது. அறிவியல் அப்படித்தான் நகரும், அதில் குற்றமில்லை. ஆனால் அந்த மாற்றம் நம் வகுப்பறைகளுக்கு வந்து சேரவே இல்லை. மேசைகளைத் துடைத்துக்கொண்டே இருந்தோம். மழை பெய்கிறது, வெயில் அடிக்கிறது, வெளியில் சத்தம் என்று ஜன்னல்களைச் சாத்திக்கொண்டே இருந்தோம்.

இன்னொன்றும் நடந்தது. மாணவன் எழுந்து பதில் சொன்னால் குரல் தெளிவாகக் கேட்பதில்லை. உடனே, "மாஸ்க்கை எடுத்துவிட்டுச் சொல்" என்பார்கள். மணிக்கணக்கில் வாய் திறக்காமல் இருக்கும்போது முகக்கவசம், உரக்கப் பேசும்போது மட்டும் அது கழுத்தில்! உரக்கப் பேசும்போதுதான் வாயிலிருந்து துகள்கள் அதிகம் வெளியேறுகின்றன. இதை ஒரே ஒரு பாடவேளையில் சொல்லிக் கொடுத்திருக்கலாம். கதவைச் சாத்திய அறையில் ஒரு மூலையில் ஊதுபத்தி ஏற்றி வைத்து, மணம் மறுமூலைக்கு வர எவ்வளவு நேரமாகிறது என்று பார். பிறகு ஜன்னலைத் திறந்து பார். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. காரணம் தெரிந்தவன், விதியில் சொல்லாத இடத்திலும் சரியாக நடந்துகொள்வான்.

அச்சுறுத்தியதன் விளைவையும் சொல்ல வேண்டும். 2020இல் சென்னையில் தொற்று வந்த வீடுகளின் வாசலில் தகரம் அடித்தார்கள், அறிவிப்பு ஒட்டினார்கள். அந்தப் படங்களை எல்லாப் பிள்ளைகளும் பார்த்தார்கள். பிறகு பள்ளி திறந்தபோது இருமல் வந்தவன் அதை அடக்கிக்கொண்டு உட்கார்ந்தான். இருமினால் பக்கத்தில் இருப்பவர்கள் நகர்ந்து உட்காருவார்கள், வீட்டுக்கு ஆள் வரும் என்ற பயம். நோயைச் சொல்ல வைக்க வேண்டிய ஏற்பாடு, நோயை மறைக்கக் கற்றுக்கொடுத்தது.

2022 ஜனவரி 3 அன்று 15 முதல் 18 வயதினருக்குத் தடுப்பூசி தொடங்கியபோது நான் கண்டது இன்றும் நம்பிக்கை தருகிறது. மாணவிகள் சிலர் தயங்கினார்கள். மாதவிலக்கு நின்றுவிடும், பின்னால் குழந்தை பிறக்காது என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். வந்திருந்த சுகாதாரச் செவிலியர் யாரையும் அதட்டவில்லை. பெண் பிள்ளைகளைத் தனியே ஒரு அறையில் உட்கார வைத்து, கேட்ட எல்லாவற்றுக்கும் கூச்சமில்லாமல் பதில் சொன்னார். காய்ச்சல் வரலாம், கை வலிக்கும், இரண்டு நாளில் சரியாகும் என்பதையும் மறைக்கவில்லை. தயங்கியவர்களில் பெரும்பாலோர் அன்றே போட்டுக்கொண்டார்கள். அந்த அம்மா செய்ததற்குப் பெயர்தான் விழிப்புணர்வு. பேரணியும் உறுதிமொழியும் ஓவியப் போட்டியும் அதன் பக்கத்தில்கூட வராது.

இப்போது நிலைமை என்ன? காய்ச்சலோடு வரும் பிள்ளையை ஏன் வந்தாய் என்று கேட்டால், இன்று தேர்வு என்கிறது. இல்லையென்றால், அம்மா அப்பா இருவரும் வேலைக்குப் போய்விட்டார்கள், வீட்டில் யாருமில்லை என்கிறது. ஆண்டு முழுவதும் ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காதவருக்குப் பரிசு கொடுக்கும் வழக்கத்தைப் பல பள்ளிகள் விடவில்லை. உடம்பு சரியில்லையென்றால் வீட்டில் இரு என்பது அந்த இரண்டு ஆண்டுகளில் நாம் திரும்பத் திரும்பச் சொன்ன விதி. அதைக் கடைப்பிடிக்கும் பிள்ளைக்குப் பரிசு கிடைக்காது, தேர்வு மதிப்பெண் போகும்.

பெற்றோராக இருப்பவர்கள் அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போங்கள். குழாய்களில் எத்தனை வேலை செய்கின்றன, ஜன்னல்கள் திறக்கின்றனவா, காய்ச்சலால் தேர்வைத் தவறவிட்ட பிள்ளைக்கு மறுதேர்வு உண்டா என்று கேளுங்கள். வருகைப் பரிசை நிறுத்தச் சொல்லுங்கள். எங்கள் பள்ளியில் நான் கேட்டிருக்கிறேன். மறுதேர்வுக்கு ஒப்புக்கொண்டார்கள், குழாய்க்கு இன்னும் பதில் வரவில்லை.