தேவசகாயத்தை எதற்காகக் கொன்றார்கள்?

ஜனவரி 14 வந்துவிட்டால் எங்கள் குமரி மாவட்டத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே சண்டை. ஒருவர், திருவிதாங்கூர் ராஜா காலத்தில் கொல்லப்பட்ட கிறிஸ்தவப் புனிதர் தேவசகாயத்தின் திருவிழா வாழ்த்துப் போடுவார். கொஞ்ச நேரத்தில் இன்னொருவர், "ராஜதுரோகத்துக்காகத் தண்டிக்கப்பட்டவர், மதத்துக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை" என்று ஒட்டுவார். நம்மாட்கள் சும்மா இருப்பார்களா? "விசுவாசத்துக்காக உயிரைக் கொடுத்தவர்" என்று கிளம்பிவிடுவார்கள். இரண்டு தரப்பும் டிலனாயை மறந்துவிடுகிறது என்பதுதான் என் வருத்தம்.

டிலனாய், 1741 குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுக் கம்பெனிப் படைக்காரர். திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மா அவரைக் கொல்லவில்லை, தன் படையைப் பழக்க வைத்துக்கொண்டார். உதயகிரிக் கோட்டை வேலையில் அவரோடு பழகியவர்தான் நட்டாலத்து நீலகண்ட பிள்ளை. நாயர் குடும்பம், அரண்மனை உத்தியோகம். மாடு செத்து, விளைச்சல் போய் நொந்திருந்தவரிடம் டிலனாய், எல்லாம் இழந்தும் நம்பிக்கை விடாத பைபிள் யோபுவின் கதையைச் சொன்னார் என்பது எங்கள் பக்கத்தில் வழிவழியாகச் சொல்வது. 1745 மே 14 அன்று வடக்கன்குளத்தில் புத்தாரி என்ற இயேசு சபைச் சாமியாரிடம் ஞானஸ்நானம் வாங்கி நீலகண்ட பிள்ளை தேவசகாயம் ஆனார். ஆரல்வாய்மொழிதான் அன்றைக்குத் திருவிதாங்கூரின் எல்லை வாசல். வடக்கன்குளம் அதற்கு அந்தப் பக்கம், ராஜாவின் கைக்கு வெளியே. ஏன் அவ்வளவு தூரம் போனார் என்பது இப்போது புரிந்திருக்கும்.

சரி, டிலனாய்க்கு வருவோம். அவரும் கிறிஸ்தவர்தானே? தளபதியாகவே வாழ்ந்து 1777-இல் இறந்தார். கல்லறை கோட்டைக்குள்ளேயே இருக்கிறது, லத்தீனிலும் தமிழிலும் எழுத்து வெட்டியிருக்கிறது. கடற்கரையில் முக்குவ மீனவர்கள் 1544-இல் சவேரியார் காலத்திலேயே கிறிஸ்தவ வேதத்துக்கு வந்தவர்கள். அவர்களை யாரும் தேவசகாயத்தைப் போல எருமையில் ஏற்றி ஊர்வலம் விடவில்லை. அப்படியானால் வெறும் மதம் மட்டுமா காரணம்? பிள்ளைப் பட்டம் உள்ள ஒருவர், அதுவும் அரண்மனை உத்தியோகத்தில் இருந்தவர், வேதத்துக்குப் போனதும் போதாமல், எல்லாச் சாதியும் சமம் என்று பேசத் தொடங்கியதுதான் பொறுக்கவில்லை. நானாகச் சொல்லவில்லை, மேல்சாதியாரின் பகையைக் கிளறியது அந்தப் பேச்சுதான் என்று வத்திக்கானின் வாழ்க்கைக் குறிப்பிலேயே இருக்கிறது.

தேவசகாயத்தை 1749-இல் பிடித்தார்கள். கழுத்தில் எருக்கம்பூ மாலை, எருமை மேல் பின்பக்கம் பார்த்து உட்காரவைத்து ஊர் ஊராக ஊர்வலம். அடி, அடித்த புண்ணில் மிளகாய்ப் பொடி. இடையில் 1750 ஜனவரியில் ராஜா நாட்டையே பத்மநாப சுவாமிக்கு எழுதிவைத்துத் திருப்படிதானம் செய்கிறார். கைதியின் இழுபறியோ மேலும் இரண்டு வருடம் நீள்கிறது. துரோகிக்குத் தண்டனை என்றால் ஒரே நாளில் முடிந்திருக்கும். எருக்கம்பூவும் எருமையும் "இவன் இனி நம்மில் ஒருவன் இல்லை" என்று ஊருக்குக் காட்டத்தான். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக்குப் பக்கத்துக் காட்டாடிமலையில் சுட்டார்கள். உடல் இப்போது நாகர்கோவில் கோட்டாறு சவேரியார் கோயிலில் இருக்கிறது.

மலையில் மணியடிச்சான் பாறை உண்டு. சின்னக் கல்லால் தட்டினால் கணீரென்று வெண்கல மணி போலவே சத்தம் வரும். அவர் இறந்த நேரத்தில் உருண்டு விழுந்து ஒலித்த பாறை என்பார்கள். போகிற பிள்ளைகள் எல்லாம் தட்டுவார்கள், நானும் தட்டுவேன். அவர் கை முட்டியால் இடித்ததும் ஊறியது என்று சொல்கிற புலியூர்க்குறிச்சி முட்டிடிச்சான் பாறைத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து வீட்டுக்கும் கொண்டுவருவோம். எனக்கு அதில் குறை இல்லை. ஆனால் பிரசங்கமும் பாறையோடு நின்றுவிடுகிறதே!

2022 மே 15-இல் போப் பிரான்சிஸ் புனிதராக அறிவிப்பதற்கு முன்பே, இங்கிருந்து போன கோரிக்கையை ஏற்று, பெயரிலிருந்த "பிள்ளை" என்ற சாதிப் பட்டத்தை வத்திக்கான் எடுத்துவிட்டது. நல்ல காரியம். வரலாற்றை மறைக்கிறார்கள் என்று சிலர் கோபப்பட்டார்கள். அந்தப் பட்டத்தைக் காலில் போட்டு மிதித்தவருக்கே அதை மாலையாகப் போடுவதில் என்ன வரலாறு இருக்கிறது?

எடுத்தது சரி. ஆனால் அவர் ஞானஸ்நானம் வாங்கிய அதே வடக்கன்குளத்தில் பிற்பாடு கட்டிய கோயிலைப் பாருங்கள். கால்சட்டையின் இரண்டு கால் மாதிரி இரண்டு பகுதி. வேளாளருக்கு ஒன்று, நாடாருக்கு ஒன்று. நடுவில் சுவர். 1910-இல் கௌசானல் சாமியார் அந்தச் சுவரை இடித்தார். அதற்கும் கோர்ட்டுக்குப் போனார்கள். இன்றைக்கும் ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) மணமகன் தேவை விளம்பரங்களில் முதல் வரியே சாதிதான்.

அடுத்த தடவை காட்டாடிமலை ஏறி இறங்குகிறவர்கள் அப்படியே காவல்கிணறு தாண்டி வடக்கன்குளத்துக்கும் போய் வாருங்கள், பக்கம்தான். அவர் மனைவி ஞானப்பூ அம்மாளின் கல்லறையும் அந்த ஊரில்தான் இருக்கிறது. கணவனுக்குப் பின்னால் சொந்த ஊருக்குத் திரும்பாமல் அங்கேயே இருந்து இறந்தவர். அவரைப் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன்.